பிரீமியம் குறைவான திட்டம் உண்மையிலேயே மலிவானதா? இரண்டு மருத்துவக் காப்பீடுகளுக்கு இடையே குழப்பம்

கேள்வி: ஈரிலை

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் பணியாற்றிய பிறகு, அடுத்த மாத இறுதியில் விலகிச் சொந்தமாகத் தொழில் தொடங்க இருக்கிறேன். இதுவரை நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீட்டில்தான் குடும்பம் முழுவதும் இருந்தது. அதற்கு என்ன செலவாகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை; சம்பளச் சீட்டில் ஒரு சிறு பிடித்தம் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். இப்போது நாங்களாகவே பாலிசி எடுக்க விலை விசாரித்தபோதுதான், நிறுவனம் எங்களுக்காக எவ்வளவு பெரிய பங்கைச் சுமந்துகொண்டிருந்தது என்பது புரிந்தது.

எனக்கு வயது 43, மனைவிக்கு 40, பிள்ளைகள் இருவர், எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 67. அம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. மற்ற நால்வருக்கும் குறிப்பிடும்படி ஏதுமில்லை.

இங்கே பல நாடுகளிலிருந்தும் எழுதுகிறீர்கள் என்பதால் நாணயத்தைச் சொல்லாமல், முதல் திட்டத்தின் ஆண்டுப் பிரீமியத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதே அளவில் சொல்கிறேன். ஐவருக்கும் சேர்த்து முதல் திட்டத்தின் பிரீமியம் 100. நாங்களே முதலில் கட்ட வேண்டிய டிடக்டிபிள் 20. அதற்கு மேற்பட்ட செலவில் 10 சதவீதம் எங்கள் பங்கு. ஆனால் ஓர் ஆண்டில் டிடக்டிபிளையும் சேர்த்து எங்கள் பங்கு 80-ஐத் தாண்டாது என்று உச்சவரம்பு உண்டு. இரண்டாம் திட்டத்தின் பிரீமியம் 60. டிடக்டிபிள் 120, அதற்கு மேல் எங்கள் பங்கு 20 சதவீதம், உச்சவரம்பு என்று ஒன்று ஆவணத்தில் இல்லை. அவசரத்துக்கு என்று எங்களிடம் இருக்கும் சேமிப்பு ஏறத்தாழ 200.

தொழில் தொடங்கும் முதல் ஆண்டில் வருமானம் எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையில், 40 மிச்சமாவது எனக்குப் பெரிய தொகை. முகவரும் இரண்டாவதையே எடுக்கச் சொல்கிறார். சரியாகத்தான் சிந்திக்கிறேனா?

மறுமொழி 1: நெடுவழி

ஐயா, நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே கணக்கிட்டுப் பார்ப்போம். பிரீமியம் என்பது காப்பீட்டின் விலையில் முன்கூட்டியே கட்டும் பகுதி மட்டுமே. மீதிப் பகுதியை நோய் வந்த ஆண்டில் கட்டுகிறோம். ஆகவே ஒரு திட்டத்தை ஒற்றை எண்ணாகப் பார்க்காமல், யாருக்கும் ஒன்றும் நேராத ஆண்டு, ஓரளவு செலவு வரும் ஆண்டு, எல்லாம் தலைகீழாகும் ஆண்டு என்று மூன்று ஆண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம்.

ஒன்றும் நேராத ஆண்டில் முதல் திட்டத்தில் உங்களுக்கு 100 செலவாகும், இரண்டாவதில் 60. மருத்துவமனைச் செலவு 100 வரும் ஆண்டை எடுத்துக்கொண்டால், முதல் திட்டத்தில் பிரீமியம் 100, டிடக்டிபிள் 20, மீதி 80-இல் பத்து சதவீதமாக 8, ஆக 128. இரண்டாவதில் டிடக்டிபிள் 120 என்பதால் மருத்துவமனைச் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்தே போகும். பிரீமியத்தோடு சேர்த்து 160. இரண்டு திட்டங்களும் சமமாகும் புள்ளி ஏறத்தாழ 64. அதாவது ஆண்டுக்கான மருத்துவச் செலவு 64-க்குக் கீழே இருந்தால் இரண்டாவது மலிவு, அதைத் தாண்டினால் முதலாவது மலிவு.

இனி மோசமான ஆண்டு. இதய அறுவை சிகிச்சையோ, புற்றுநோய் சிகிச்சையின் முதல் ஆண்டோ 1,500 அளவுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் திட்டத்தில் உங்கள் பங்கு 80-இல் நின்றுவிடும், மொத்தம் 180. இரண்டாவதில் டிடக்டிபிள் 120, மீதி 1,380-இல் இருபது சதவீதம் 276, பிரீமியம் 60, ஆக 456. செலவு 3,000 ஆனால் அது 756 ஆகும். உங்களிடம் இருப்பதோ 200. ஆண்டுக்கு 40 வீதம் மிச்சம் பிடித்து, அந்த ஒரே ஆண்டில் கூடுதலாகக் கட்ட வேண்டிய 276-ஐச் சேர்க்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் யாருக்கும் ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். அதோடு மிச்சமான பணத்தைத் தொடாமலும் இருக்க வேண்டும். தொழில் தொடங்கியவர் கையில் அது அப்படியே இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, மன்னிக்கவும்.

எனக்கு உண்மையில் உறுத்துவது டிடக்டிபிள் அல்ல. 120 என்பது உங்கள் சேமிப்புக்குள் அடங்கும் தொகைதான். உச்சவரம்பு இல்லாத அந்த 20 சதவீதம்தான் ஆபத்தான இடம், ஏனென்றால் அது எங்கே நிற்கும் என்பதை மருத்துவமனையின் பில்தான் முடிவு செய்யும். உலக நலவாழ்வு நிறுவனமும் உலக வங்கியும் நாடுகளின் நிலையை அளக்கும்போது, குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குக் கையிலிருந்து போனாலே அதைப் பெருஞ்செலவு என்று கணக்கில் சேர்த்து வந்திருக்கின்றன. 25 சதவீதம் என்று இன்னோர் அளவுகோலையும் பயன்படுத்தி வந்திருக்கின்றன. பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமானால், உச்சவரம்பை விட்டுக்கொடுக்காமல் டிடக்டிபிளை மட்டும் உயர்த்திக் கொடுக்கும் மூன்றாவது திட்டம் ஏதேனும் உண்டா என்று கேளுங்கள்.

மறுமொழி 2: பழைய கோப்பு

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், சிகிச்சைப் பணம் கேட்டு வரும் கோரிக்கைகளை, அதாவது கிளைம்களைப் பரிசீலிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நெடுவழி போட்ட கணக்கு சரியானதுதான். ஆனால் மருத்துவமனை கேட்கும் தொகையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் தொகையும் ஒன்றே என்ற எண்ணத்தில் போடப்பட்டது. நடைமுறையில் அப்படி இருப்பது அரிது.

இரண்டாம் திட்டத்தின் ஆவணத்தில் அறை வாடகை வரம்பு உள்ளதா என்று பாருங்கள். அது எல்லா நாடுகளிலும் இருப்பதில்லை. ஆனால் இருக்கும் இடங்களில் அதன் விளைவை மக்கள் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். ஒரு நாளைக்கு அறை வாடகை 2 வரை என்று வரம்பு இருக்கும்போது நீங்கள் 3 வாடகையுள்ள அறையில் தங்கினால், நாளொன்றுக்கு 1 மட்டும்தான் கையிலிருந்து போகும் என்று நினைப்பீர்கள். பல பாலிசிகளில் அப்படி இல்லை. அறையின் தரத்துக்கேற்ப மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் உயர்ந்திருக்கும் என்ற காரணத்தைக் காட்டி, அந்தச் செலவுகளையும் அதே விகிதத்தில், அதாவது மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துவிடுவார்கள். 300 வந்த அறுவைச் செலவில் 200 மட்டுமே கணக்கில் ஏறும். டிடக்டிபிளும் 20 சதவீதமும் அதன் பிறகே கழிக்கப்படும். நான்கு நாள் தங்கியதற்கு 4 கூடுதல் என்று எண்ணியவர் 100-க்கு மேல் கட்டிவிட்டுப் போவார். இதை விளக்கிச் சொல்ல வேண்டியவனாக மேசையின் இந்தப் பக்கம் எத்தனையோ முறை அமர்ந்திருக்கிறேன். ஒரு முறைகூட எதிரில் இருந்தவர் முன்பே அறிந்திருந்ததாகச் சொன்னதில்லை.

அடுத்தது காத்திருப்புக் காலம். பாலிசி எடுப்பதற்கு முன்பே உள்ள நோய்களுக்கு முதல் சில ஆண்டுகள் எதுவும் தர மாட்டோம் என்று பல பாலிசிகள் சொல்லும். இதில் நாட்டுக்கு நாடு சட்டம் பெரிதும் மாறுபடுகிறது. சுவிட்சர்லாந்தில் 1996 முதலும் நெதர்லாந்தில் 2006 முதலும் அடிப்படைக் காப்பீடு கட்டாயம். நோய் இருக்கிறது என்பதற்காக எந்த நிறுவனமும் அதில் யாரையும் மறுக்க முடியாது. அமெரிக்காவில் 2014 முதல், தனிநபர் பாலிசியில் நோயைக் காட்டி மறுப்பதோ கூடுதல் பிரீமியம் கேட்பதோ கூடாது. வயதைக் கொண்டு, பெரியவர்களில் மூத்தவருக்கு இளையவரைப் போல மூன்று மடங்கு வரை வாங்கலாம். அத்தகைய பாதுகாப்பு இல்லாத நாட்டில் நீங்கள் இருந்தால், அம்மாவைப் பொறுத்தவரை காத்திருப்புக் காலம் பிரீமியத்தை விட முக்கியமானது. மூன்று ஆண்டுகள் சர்க்கரை நோய் சார்ந்த எதற்கும் பணம் வராத பாலிசிக்கு 67 வயதில் பிரீமியம் கட்டுவது, கூரை வேயாத வீட்டுக்கு வாடகை கொடுப்பது போன்றது.

ஆகவே வேலையை விடுவதற்கு முன்பே, இப்போதைய குழுக் காப்பீட்டை விட்டு அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா, மாறினால் குழுவில் கழித்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் இப்படி மாறும் வழி உண்டு. அமெரிக்காவில் வேறு வகை ஏற்பாடு; 20 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தை விட்டு விலகுபவர், முழுப் பிரீமியத்தையும் தானே கட்டி, பொதுவாக 18 மாதங்கள் வரை அதே குழுக் காப்பீட்டில் தொடரலாம். எந்த நாட்டில் எந்த வழி இருந்தாலும் அதற்குக் கெடு உண்டு. விலகிய பிறகு மெதுவாக விசாரிக்கலாம் என்று விட்டுவிட்டால் அது போய்விடும்.

இறுதியாக, விண்ணப்பத்தில் அம்மாவின் நோய்களை மறைக்கச் சொல்லும் முகவர்கள் உண்டு. உங்கள் முகவர் அப்படிச் சொல்லியிருந்தால் வேறொருவரிடம் போங்கள். என் மேசைக்கு வந்து மறுக்கப்பட்ட கிளைம்களில் என்னை மிகவும் வருத்தியவை, பிரீமியம் கொஞ்சம் குறையும் என்று உண்மையை விட்டுவிட்டவர்களுடையவைதான். மருத்துவமனைக் குறிப்பின் முதல் வரியிலேயே நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்று எழுதியிருக்கும். அதை எங்களிடமிருந்து மறைக்க முடியாது.

மறுமொழி 3: ஓரெழுத்து

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். டிடக்டிபிள் என்ற சொல்லைக் கேட்டவுடன் பயந்து, அதைக் குறைப்பதற்காக அளவுக்கு மீறிப் பிரீமியம் கட்டுபவர்களும் ஏராளம். அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றில் ஊழியர்கள் 48 வகைகளில் தங்கள் காப்பீட்டைத் தாங்களே அமைத்துக்கொள்ள வாய்ப்பு தரப்பட்டபோது என்ன நடந்தது என்பதை பார்கவா, லோவன்ஸ்டைன், சிட்னர் ஆகிய மூவர் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். நோய் வந்தாலும் வராவிட்டாலும் எல்லா நிலையிலும் கூடுதல் செலவையே தரும் திட்டங்களைத்தான் ஊழியர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டிடக்டிபிளில் எவ்வளவு குறைந்ததோ அதைவிட அதிகமாகப் பிரீமியத்தில் கட்டியிருந்தார்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள்தான். ஆனால் காப்பீடு என்று வந்ததும் யாரும் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நான் தனி ஆள், சேமிப்பு உண்டு, உயர்ந்த டிடக்டிபிள் உள்ள திட்டத்தையே எட்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். என் திட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் நானும் எடுத்திருக்க மாட்டேன். உங்கள் குடும்பத்தில் நால்வர் நலமாக இருக்கிறார்கள், ஒருவருக்கு மட்டுமே தொடர் சிகிச்சை தேவை. ஐவரையும் ஒரே பாலிசியில் ஏன் கட்ட வேண்டும்? பல இடங்களில் குடும்பப் பாலிசியின் பிரீமியத்தை மூத்த உறுப்பினரின் வயதே தீர்மானிக்கிறது. அம்மாவுக்குத் தனியாகவும் உங்கள் நால்வருக்குத் தனியாகவும் விலை கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 4: இரவுப்பணி

நான் செவிலியர். கணக்குகளைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. அம்மாவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன்.

டிடக்டிபிள் உயர்வாக இருக்கும் குடும்பங்களில் என்ன நடக்கிறது என்றால், பெரியவர்கள் செலவைத் தள்ளிப்போடத் தொடங்குகிறார்கள். கால் விரலில் சிறிய புண், இந்த மாதம் பார்க்க வேண்டாம், தானாக ஆறிவிடும் என்பார்கள். சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புண் ஆறாமல் போனால் அது எங்கே கொண்டு விடும் என்பதை என் பணியில் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1974 முதல் 1982 வரை ஏறத்தாழ 2,750 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசமாகவும் மற்றவர்களுக்கு 25, 50, 95 சதவீதம் என்று பங்கு கட்டும்படியும் காப்பீடு கொடுத்துப் பார்த்தது. பங்கு கட்டியவர்கள் மருத்துவரைக் குறைவாக நாடினார்கள். ஆனால் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள். சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரத்த அழுத்தம் உள்ள ஏழை நோயாளிகளிடம்தான் தெரிந்தது. இலவசச் சிகிச்சை கிடைத்தவர்களுக்கு அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. 95 சதவீதம் கட்டியவர்களுக்கும்கூட அந்தச் சோதனையில் வருமானத்தையொட்டி ஆண்டு உச்சவரம்பு வைத்திருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஓரெழுத்து சொன்னபடி பிரிப்பதானால், அம்மாவின் பாலிசியில் டிடக்டிபிள் குறைவாக இருக்கட்டும். புறநோயாளி ஆலோசனை, இரத்தப் பரிசோதனை, மாதாந்திர மருந்துகள் ஆகியவற்றில் எதெல்லாம் அதில் அடங்கும் என்பதையும் கேளுங்கள். பல பாலிசிகள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும். அப்படியானால் அம்மாவின் மாதச் செலவு எந்தத் திட்டத்தை எடுத்தாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்காமல் தனியே ஒதுக்கிவையுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலில் இருக்கிறதா என்பதை, முகவரிடம் கேட்காமல் மருத்துவமனையின் கட்டணப் பிரிவிலேயே கேட்பது நல்லது.

ஈரிலை

மிக்க நன்றி. இந்த ஐந்து நாட்களில் நீங்கள் சொன்னவற்றையெல்லாம் விசாரித்தேன்.

இரண்டாம் திட்டத்தில் பழைய கோப்பு ஐயா சொன்ன அறை வாடகை வரம்பு இருக்கிறது, இருபத்து மூன்றாம் பக்கத்தில். முகவரிடம் கேட்டபோது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றார். அம்மாவுக்கு அதில் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள். அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டேன்.

பிரித்துக் கேட்டதில் வேறொரு நிலை தெரிகிறது. நாங்கள் நால்வருக்கும் டிடக்டிபிள் 60, உச்சவரம்பு 100 என்ற திட்டம் 34-க்குக் கிடைக்கிறது. அம்மாவுக்குக் குழுக் காப்பீட்டிலிருந்து மாறும் பாலிசியில் பிரீமியம் 40, டிடக்டிபிள் 15, உச்சவரம்பு 60; குழுவில் இருந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதால் அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்று மின்னஞ்சலில் உறுதி செய்திருக்கிறார்கள். மொத்தப் பிரீமியம் 74. இரு பாலிசிகளிலும் ஒரே ஆண்டில் மோசமான நிலை வந்தாலும் எங்கள் பங்கு 160, அதாவது சேமிப்புக்குள் அடங்கும். ஐவருக்குமான முதல் திட்டத்தில் அது 80-தான் என்பதால், இன்னும் தயக்கம் இருக்கிறது.

மறுமொழி 5: நெடுவழி

தயங்குவது நியாயமே. ஆண்டுக்கு 26 மிச்சமாகிறது. இரு பாலிசிகளிலும் உச்சவரம்பைத் தொடும் ஆண்டில் உங்கள் பங்கு 80 கூடும். மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் அப்படி நேராமல் இருந்தால் பிரித்ததுதான் லாபம். அம்மாவுக்கு மட்டும் பெரிய சிகிச்சை வரும் ஆண்டில்கூட 74-உம் 60-உமாக 134-தான் ஆகும். முதல் திட்டத்தில் அதே ஆண்டு 180. அம்மாவுக்கே செலவு வரும் வாய்ப்பு அதிகம் என்று நீங்களே சொல்லும்போது, நானாக இருந்தால் பிரித்தே எடுப்பேன். முதல் திட்டத்தில் அம்மாவுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. அது ஓர் ஆண்டு என்றாலும் ஒப்பிட வேறெதுவும் மிச்சமில்லை.

ஒன்று மட்டும் கேளுங்கள். நால்வருக்கான அந்தத் திட்டம் புதியவர்களைத் தொடர்ந்து சேர்த்துக்கொள்கிறதா, அல்லது விரைவில் மூடப்பட இருக்கிறதா? புதியவர்கள் சேராத திட்டத்தில் இருப்பவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகும். நலமாக இருப்பவர்கள் வேறு திட்டத்துக்குப் போய்விடுவார்கள். எஞ்சியவர்களின் பிரீமியம் ஆண்டுதோறும் ஏறும். முதல் ஆண்டுக்கு மட்டும் மலிவாக இருக்கும் திட்டங்கள் சில இப்படித்தான் முடிகின்றன. கடந்த மூன்று புதுப்பித்தல்களில் அதே வயதுக்காரருக்குப் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

மறுமொழி 6: பழைய கோப்பு

மின்னஞ்சல் உறுதியை அச்சிட்டு பாலிசியோடு வையுங்கள். புதிய பாலிசியின் தொடக்கத் தேதி, குழுக் காப்பீடு முடியும் நாளுக்கு மறுநாளாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் விட்டாலும் தொடர்ச்சி போனதாகச் சொல்ல இடமுண்டு. விண்ணப்பத்தை முகவர் நிரப்பட்டும், ஆனால் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு பதிலையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

ஈரிலை

பிரித்தே எடுக்கிறோம். நால்வருக்கான திட்டம் மூடப்படவில்லை. மூன்று புதுப்பித்தல்களின் பிரீமியத்தையும் எழுதி வாங்கிவிட்டேன்.

நேற்று இரவு அம்மாவின் விண்ணப்பத்தைப் படிக்க உட்கார்ந்தேன். நோய் கண்டறியப்பட்டு ஒன்பது ஆண்டுகள் என்று நான் சொன்னதையே முகவரும் எழுதியிருந்தார். அம்மா எழுந்து போய், பழைய பெட்டியிலிருந்து முதல் மருந்துச் சீட்டை எடுத்து வந்து கொடுத்தார். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் எங்களிடம் சொல்லவில்லையாம். திருத்தி எழுதச் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.